நாச்சிமுத்துவின் எடை

"ஃபேனை நிறுத்துங்க சிஸ்டர்! ஃபேன்!"

நான் ஓடிக்கொண்டிருந்தேன். என் கையில் நாச்சிமுத்துவின் இடது கால் கட்டைவிரல் இருந்தது. மிச்ச நாச்சிமுத்து எனக்கு மேலே, கூரையை ஒட்டி, மல்லாந்தபடி வந்துகொண்டிருந்தார்.

அவசரப் பிரிவின் நடைவழியில் மின்விசிறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது, அவர் தலைக்கு நேராக.

சிஸ்டர் ரோஸ்லின் சுவிட்சுப் பலகைக்குப் பாய்ந்தார். ஒன்றைத் தட்டினார். சைக்கிள் நிறுத்தத்தில் விளக்கு அணைந்தது. இன்னொன்றைத் தட்டினார். பிரசவ வார்டில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது.

"அது இல்ல சிஸ்டர், கீழ இருக்கறது!"

"கீழ இருக்கறது தண்ணி மோட்டாரு பாப்பா!"

"கண்ணு," என்று மேலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை. "இந்த ஃபேனு மேல நெம்ப ஒட்டடைங்க. யாரும் பாக்கறதில்லியாட்டக்குது."

"தலையைச் சாய்ங்க ஐயா!"

"எந்தப் பக்கமுங்க?"

"ஏதாவது ஒரு பக்கம்!"

அவர் யோசித்தார். நான் எம்பி அவர் வேட்டியைப் பிடித்தேன்.

"வேட்டிய வுடு கண்ணு. உசுரு போனாப் போகட்டும். பொம்பளைங்க இருக்கற எடம்."

சிஸ்டர் கடைசி சுவிட்சைத் தட்டினார். மின்விசிறி தயங்கியது. ஒரு இறக்கை அவர் முன்மயிரைத் தொட்டு, ஒருமுறை பின்னோக்கி வாரிவிட்டு, நின்றது. தலை அழகாகப் படிந்திருந்தது.

நான் மூச்சு வாங்கினேன். விரலை விடவில்லை.

என் பெயர் கோகிலவாணி. பிசியோதெரபி இறுதியாண்டு. மலையடிவாரத்தில் இருக்கும் இந்த வட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பயிற்சிக்குப் போட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவில் பிசியோதெரபி மாணவிக்கு என்ன வேலை என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிடித்துக்கொள்வதுதான் வேலை. டாக்டர் தைப்பார். சிஸ்டர் ஊசி போடுவார். அதுவரை ஆள் விழாமலும் போகாமலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்துவைக் காலையில் தூக்கி வந்தார்கள். வலது கணுக்காலில் முறிவு. "வலது கால்ல எடை போடாதீங்க ஐயா" என்றேன். கால் முறிந்த எல்லாரிடமும் அதைத்தான் சொல்வோம். எங்கள் மருத்துவமனையில் அப்படிச் சொன்னதும் நோயாளிகள் தரையிலிருந்து விரல்கடை உயர்வது வழக்கம். சிலர் சாண் உயரம் போவார்கள். அதற்காகவே கட்டில்களில் கொக்கி வைத்திருக்கிறோம்.

நாச்சிமுத்து, சொன்னதற்கு மேல் செய்கிறவர். டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் டீயையே விட்டுவிடுகிற ரகம். வலது காலில் எடை போடவில்லை. ஒரு பாதுகாப்புக்கு இடது காலிலும் போடவில்லை. பிறகு பெஞ்சிலும் போடவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போது பெஞ்சு காலியாக இருந்தது.

சிஸ்டரும் நானும் அவரைக் கிரேப் பேண்டேஜால் கட்டிலோடு கட்டினோம். தலைக்கு மேலே காற்றில் அவர் சாவகாசமாகப் படுத்துக்கொண்டார்.

"இவரு எடையெல்லாம் எங்க பாப்பா போச்சு?" என்றார் சிஸ்டர்.

எடை எங்கேயும் போகாது. பக்கத்தில் இருக்கிறவர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாம் ஆண்டுப் பாடம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

சுவரோரம் அவர் மனைவி பாவாத்தாள் நின்றுகொண்டிருந்தார். கையில் சோற்றுத் தூக்குப்போசி. மொசைக் தரை அவர் கணுக்காலை மூடியிருந்தது. விரிசல் எதுவும் இல்லை. தரை மரியாதையாக விலகி அவருக்கு இடம் கொடுத்திருந்தது.

"அம்மா! வலிக்குதா?"

"இல்லீங் கண்ணு. சில்லுனு இருக்குது. இவரு ஏதாச்சும் சாப்புட்டாருங்களா?"

"அவரு மேல இருக்காரும்மா."

"மேல இருந்தா சாப்புடக் கூடாதுங்களா?"

பாடப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. தூக்குப்போசியை சலைன் கம்பியில் மாட்டி மேலே உயர்த்தினேன். நாச்சிமுத்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு பத்துல" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கறாரு" என்றார் பாவாத்தாள். நிம்மதியோடு இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

டியூட்டி டாக்டர் அன்வர் வந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கேள்விகள் என்று மேலிடத்திலிருந்து வரும். அன்று காலை ஒரு மினிபஸ் வாய்க்காலில் இறங்கிவிட்டது. வந்த கூட்டத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டார். ஒன்றே ஒன்று மிச்சம். அதைக் கவனமாக எடுத்துக் கேட்டார்.

"எப்படி விழுந்தீங்க?"

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார். கூரை அவருக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது.

"அது வேண்டாமுங்க சாமி. வேற ஏதாச்சும் கேளுங்க."

"வேற இல்லைங்க" என்றார் டாக்டர். வருத்தமாகத்தான் சொன்னார். "எப்படி விழுந்தீங்க?"

"அத மட்டும் சொல்ல மாட்டனுங்க."

சிஸ்டர் ரோஸ்லின் என்னைத் தனியே இழுத்தார். "பாப்பா, இவரு வாயத் தொறக்கலன்னா மாவுக்கட்டுப் போட முடியாது தெரியுமில்ல?"

தெரியும். எப்படி விழுந்தார் என்று சொல்லாத காலில் மாவுக்கட்டு காயாது. போன மாதம் ஒருவருக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் இன்னும் பொது வார்டில் சொட்டிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப என்ன பண்றது சிஸ்டர்?"

"ரெஃபர்தான்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நடைவழி நீண்டது. எப்போதும் அப்படித்தான் நீளும். வாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாகி, அதற்கு அப்பால் இருந்த டீக்கடை ஒரு புள்ளியானது.

ரெஃபர் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எடையில்லாதவர்களுக்குத் தனி வார்டு உண்டு. நல்ல வார்டு. நேரத்துக்குச் சாப்பாடு. கூரை மட்டும் கிடையாது. காற்றோட்டத்துக்காக விட்டுவிட்டார்கள்.

"ஆம்புலன்ஸ் ஒரு கேஸ எறக்கப் போயிருக்குது. வந்ததும் ஏத்திருவாங்க" என்றார் சிஸ்டர்.

பாவாத்தாளுக்குக் கேட்டுவிட்டது. "நானும் கூடப் போலாமுங்களா கண்ணு?"

"போலாம்மா. வாங்க."

அவர் வலது காலைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. இடது காலைப் பார்த்தார். வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி முயன்றார். கணுக்காலில் இருந்தவர் கெண்டைக்கால்வரை போனார்.

"அவரு போகட்டுமுங்க. நான் பின்னாடி வந்தர்றேன்" என்றார்.

எப்படி வருவார்? நாச்சிமுத்து அங்கே மேலே போய்க்கொண்டிருப்பார். இவர் இங்கே கீழே போய்க்கொண்டிருப்பார். முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அந்தத் தூரத்தைக் குறைக்கிற பயிற்சி எதுவும் எங்கள் பாடத்தில் இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரைத் தரையில் நிற்க வைக்க வேண்டும்.

அப்போது நடைவழியின் கோடியில் ஒரு முதுகு தெரிந்தது. ஹேமலதா மேடம்.

எங்கள் மேடம் பின்பக்கமாகத்தான் நடப்பார். நோயாளிக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, "வாங்க, வாங்க, பயப்படாதீங்க" என்று கூப்பிட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, முன்பக்கம் நடப்பது அவருக்கு மறந்துவிட்டது. வீட்டிலிருந்தும் அப்படித்தான் வருவார். ஸ்கூட்டியும் அப்படித்தான் ஓட்டுவார். இதுவரை எதிலும் மோதியதில்லை.

முதுகு நெருங்கி வந்து நின்றது. திரும்பியது.

"கோகிலா. கேஸ் சொல்லு."

"நாச்சிமுத்து. மஞ்சள் விவசாயம். வலது கணுக்கால் முறிவு. எடை பூஜ்யம் மேடம்."

"இடது கால்ல?"

"அதுலயும்."

"யாரு சொல்லி?"

"அவராவே மேடம்."

மேடம் அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க ஐயா, உங்கள இடது கால்லயும் எடை போடக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க. எதுக்கும் இருக்கட்டும்னு பாத்தனுங்க."

"எடை இப்ப யாருகிட்ட கோகிலா?"

"அவங்க சம்சாரத்துகிட்ட மேடம்."

"எப்படி வாங்கித் தருவே?"

"ரெண்டு பேரையும் கை கோத்து எதிரெதிரா நிக்க வெக்கணும். மெதுவா அவங்ககிட்ட இருந்து இவருக்கு மாத்தணும். இடது கால்ல முழுசா. வலது கால்ல பஞ்சு மிதிக்கற அளவு."

"எவ்வளவு வந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"எடை மிஷின் மேல நிக்க வெக்கணும் மேடம்."

"எங்க மிஷின்?"

நான் தலையைக் குனிந்தேன்.

"கொண்டா" என்றார் மேடம். "எனக்கு ஓபில பக்கவாதம் ஒருத்தர் பாதி நடையில நிக்கறாரு. நான் போகலன்னா அவரு அப்படியே நிப்பாரு." என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து மறைந்தார்.

எடை மிஷின் சீட்டு கவுண்டரில் இருந்தது. கவுண்டர்காரர் அதன்மேல் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அவசரம். மிஷின் வேணும்."

"சீட்டு?"

"நாச்சிமுத்துன்னு காலையிலேயே போட்டாச்சு."

"அது ஆளுக்கு. எடைக்குத் தனிச் சீட்டு."

"எடை தனியா வரலைங்கண்ணா."

"ஆளு தனியா இருக்கறாரில்ல?"

"அவரு மேல இருக்காரு."

"மேல இருக்கறவங்களுக்கு இங்க குடுக்கறதில்ல. மாடிக்குப் போகச் சொல்லு."

"இந்த ஆஸ்பத்திரிக்கு மாடியே இல்லையேண்ணா."

"அதான் அங்க போனவுங்க யாரும் இன்னும் திரும்பல" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நெற்றியைச் சொறிந்தபடி மேலே பார்த்தார். அந்த நேரத்தில் நான் அவர் காலை எடுத்து மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

போகும்போது சுருங்கியிருந்த நடைவழி, வரும்போது மூன்று வார்டு நீளம் கூடியிருந்தது. வழியில் ஒரு மஞ்சள் காடு வேறு குறுக்கிட்டது. வரப்பின்மேல் ஓடி, எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஏறினேன்.

அவசரப் பிரிவில் கூட்டம் கூடியிருந்தது. விழுந்தவர் வாயைத் திறக்கவில்லை என்றால் மற்றவர்கள் திறந்துவிடுவார்கள். மினிபஸ்காரர்கள் எல்லாரும் தையலோடும் கட்டோடும் எழுந்து வந்து பாவாத்தாளைச் சுற்றி நின்றார்கள்.

"தேங்கா பறிக்க ஏறியிருப்பாரு."

"இந்த வயசுலயா? தண்ணியப் போட்டுட்டு வுழுந்திருப்பாரு."

"தண்ணி போட்டா காலெல்லாம் ஒடையாதுங்க. நான் வுழாத வுழுவா?"

தலையில் கட்டுப் போட்ட ஒருவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் கேட்கும்.

"செவுரு ஏறிக் குதிச்சாலும் கரெக்டா இந்த எடத்துலதான் ஒடையும். பக்கத்து ஊட்டுச் செவுரு."

எல்லாரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். அவர் முழங்கால்வரை இறங்கினார். சத்தமே இல்லை.

"பக்கத்து ஊட்டுல எருமதானுங்க இருக்குது" என்றார்.

"நான் பொதுவாச் சொன்னனுங்க" என்றார் தலைக்கட்டுக்காரர்.

பாவாத்தாள் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். அண்ணாந்தார்.

"ஏனுங்க."

"ம்."

"ஊருக்குச் சொல்ல வேண்டாமுங்க. டாக்டருக்கும் வேண்டாம். என்றகிட்ட மட்டும் சொல்லுங்க."

நாச்சிமுத்து காற்றில் புரண்டு படுத்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"உன்றகிட்டத்தான் அம்மிணி சொல்லக் கூடாது."

தலைக்கட்டுக்காரர் "பாத்தீங்களா?" என்பதுபோல் எல்லாரையும் பார்த்தார்.

பாவாத்தாள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எடை கொஞ்சம் குறைந்திருக்கும். அதுவும் முதலாம் ஆண்டுப் பாடம்.

"ஐயா," என்றேன். "அம்மா கீழ போய்ட்டிருக்காங்க. பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகம் மாறியது.

"ஐயய்யோ. அதென்ன அவ இத்தன குட்டையா இருக்கறா?"

"உங்க எடையெல்லாம் அவங்க மேல இருக்குங்க ஐயா."

"அத நான் எப்படி வாங்கறது?"

"எப்படி விழுந்தீங்க?" என்றார் டாக்டர் அன்வர்.

நாச்சிமுத்து அவசரமாக யோசித்தார். "சரிங்க. மாடு முட்டிருச்சு. எழுதிக்குங்க."

கிரேப் பேண்டேஜ் கிறீச்சிட்டது. அவர் ஒரு சாண் உயர்ந்தார். மூக்கு கூரையில் இடித்தது. கீழே பாவாத்தாள் ஒரு சாண் இறங்கினார்.

"இல்லீங்க! வாய்க்கா மேட்டுல வழுக்கிருச்சு!"

இன்னொரு சாண். அவர் வயிறு கூரையில் அமுங்கியது. பாவாத்தாளின் தொடை மறைந்தது. மொசைக் தரை அவர் இடுப்பைச் சுற்றிக் குமிழி விட்டது.

"நிறுத்துங்க ஐயா!" என்று கத்தினேன். "நீங்க சொல்ற பொய்யையும் அவங்கதான் சுமக்கறாங்க. இன்னொண்ணுக்குத் தரை தாங்காது!"

வாசலில் ஹாரன் கேட்டது.

ஆம்புலன்ஸ்.

டிரைவர் தங்கராசு உள்ளே வந்தார். தோளில் ஒரு பெரிய நூல்கண்டு. சிரித்த முகம்.

"ரெஃபர் யாருங்க? ஓ, மேல இருக்கறவரா. எத்தன அடி வுடலாம்? போன தடவ கொண்டு போனவருக்கு நூலு பத்துல. நெம்ப ஒசரமாப் போயிட்டாரு."

"அவரு எப்ப எறங்குவாரு?" என்று பாவாத்தாள் கேட்டார். இடுப்பளவு தரையிலிருந்து கேட்டார்.

"எறங்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லுலீங். பொங்கலுக்கு நூல ஆட்டுனாரு. நல்லாத்தான் இருக்கறாராட்டக்குது."

"சித்த நேரம் குடுங்கண்ணா" என்றேன்.

"எஞ்சின் ஓடுது பாப்பா. நிறுத்துனா மறுபடி எடுக்காது."

மிஷினைப் பாவாத்தாளுக்கு எதிரே தரையில் வைத்தேன். கட்டிலிலிருந்து பேண்டேஜை அவிழ்த்தேன். பட்டத்தை இறக்குவதுபோல் கைமாற்றிக் கைமாற்றி நாச்சிமுத்துவை இழுத்தேன். சிஸ்டர் ரோஸ்லின் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தலைக்கட்டுக்காரர் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். மினிபஸ்காரர்கள் தலைக்கட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் கீழே வந்தார். இடது பாதம் மிஷினுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் மிதந்தது.

"அம்மா, கையைக் குடுங்க. ஐயா, நீங்களும்."

நாச்சிமுத்து குனிந்தார். பாவாத்தாள் நிமிர்ந்தார். கைகள் கோத்துக்கொண்டன. கூட்டத்துக்கு முன்னால் கையைப் பிடித்ததில் இரண்டு பேருக்கும் கூச்சம். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இடது காலை வைங்க. மெதுவா. அவங்ககிட்ட இருந்து வாங்குங்க."

பாதம் தொட்டது. முள் பூஜ்யத்தில் நின்றது. அசையவே இல்லை.

"வாங்கறனுங்க கண்ணு. வரமாட்டேங்குதே."

தங்கராசு நூலின் நுனியில் சுருக்குப் போட ஆரம்பித்தார்.

நான் மிஷினுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். பாதத்தைப் பார்க்க வேண்டும். நோயாளியை நிற்க வைப்பதற்கு முன்னால் பாதத்தைப் பார்க்காதவள் பிசியோதெரபிஸ்ட்டே இல்லை. அது இவ்வளவு நேரமும் மேலே இருந்துவிட்டது.

மஞ்சள் காட்டிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து நடந்து கறுத்த பாதம். பனைமட்டைபோல் கெட்டி. முள் குத்தினால் முள்தான் ஒடியும். ஆனால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கொப்புளம். உடைந்து, ஆறி, தோல் உரிந்திருந்தது. சுண்டுவிரலில் இன்னொன்று. புறங்காலில் குறுக்கே ஒரு பட்டைத் தழும்பு, கோடு போட்டதுபோல.

வலது காலைப் பார்த்தேன். தற்காலிகக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் கொப்புளங்கள் இன்னும் ஆறாமல் பளபளத்தன.

"ஐயா, இது என்ன?"

அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாங் கண்ணு. அதப் பாக்காத."

"என்ன கண்ணு இருக்குது?" என்றார் பாவாத்தாள்.

"கொப்புளம்மா. ரெண்டு கால்லயும். செருப்புக் கடிச்ச மாதிரி."

"இவருக்கா? இவரு செருப்பே போடமாட்டாரே. கல்யாணத்தன்னிக்கே போடல."

தங்கராசுவின் கையில் சுருக்கு பாதியில் நின்றது. நாச்சிமுத்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கடைசியாகத் தரையைப் பார்த்தார். அங்கே மனைவியின் தலை அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது.

அவர் காலைத் திரும்பவும் மிஷின்மேல் வைத்தார்.

"செருப்புதானுங்க" என்றார்.

முள் துள்ளியது. பாவாத்தாள் தொடைவரை வெளியே வந்தார்.

டாக்டர் அன்வரின் வாய் திறந்தது. கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சட்டைப்பையைத் துழாவினார். பிறகு துணிந்து, நாளைக்கு வர வேண்டிய கேள்விகளிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார்.

"யாரு செருப்பு?"

நாச்சிமுத்துவின் காது சிவந்தது.

"இவளுதுங்க."

முள் பாதி வட்டம் சுற்றியது. பாவாத்தாள் முழங்கால்வரை வந்தார். கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தார்.

"என்ற செருப்பா? உங்க தங்கச்சி மக கல்யாணத்துக்குன்னு எடுத்தமே, அதா? குதி வெச்சதா?"

"அதுதான்."

"குதி வெச்ச பொம்பளச் செருப்பப் போட்டுக்கிட்டா வுழுந்தீங்க?"

"களத்துலதான். நீ ரேசன் கடைக்குப் போயிருந்தே. யாரும் பாக்குல."

மினிபஸ் கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிஸ்டர் ரோஸ்லின் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. தலைக்கட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த குடும்ப நலச் சுவரொட்டியை முழுக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க உங்களுக்கு?"

"சொன்னா நீ அதத் தூக்கிக் குப்பையில வீசிப்போடுவே."

"நான் எதுக்கு வீசறேன்?"

"எனக்குத் தெரியாதா உன்ன? என்னால இவரு காலு ஒடஞ்சுதுன்னு வீசிருவே. கடையில நீ அதக் கையில எடுத்து எடுத்துப் பாத்தது எனக்குத் தெரியும்."

பாவாத்தாளின் பாதம் தரைக்கு மேலே வந்துவிட்டது. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். பிறகு அடுத்ததை. மொசைக் தரை அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. இரண்டு பேரும் இப்போது ஒரே உயரத்தில், எதிரெதிரே நின்றார்கள். கை கோத்தபடியே இருந்தது. எனக்குப் பின்னால் ஹேமலதா மேடத்தின் முதுகு வந்து நின்றதை உணர்ந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை.

"வீச மாட்டனுங்க" என்றார் பாவாத்தாள். "அத நீங்க எதுக்குங்க போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

முள் இன்னும் கொஞ்சம் பாக்கி வைத்திருந்தது. நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள உன்ற காலக் கடிச்சுப்போடுச்சல்ல. கல்யாணத்துல நாளெல்லாம் நிக்கோணும். என்ற காலும் உன்ற காலும் ஒரே அளவுதான். அதான் நான் போட்டு நடந்து பழக்கிட்டிருந்தேன்."

மிஷினில் முள் நிறைந்து நின்றது.

"எடது பழகிருச்சு அம்மிணி. வலதுதான் இன்னும் கடிக்குது."